வரப்போகிறவரும் காத்திருப்பவர்களும்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



சமயங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பொருளாக இருக்கட்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தீர்கள். மீட்பர் வருகை என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டேன். உலகம் கெட்டுவிட்டது, இப்படியே போக முடியாது, ஒருவர் வருவார், வந்து தீயோரை அடக்கி நல்லாட்சி நிறுவுவார் என்று மனிதக் கூட்டங்கள் காலம் காலமாக நம்பி வந்திருக்கின்றன. யூதர் மேசியாவுக்குக் காத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் ஒருமுறை வந்தவரின் மறுவருகைக்குக் காத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே ரோம், பாரசீகம் தொடங்கி நம் நாடு வரை எத்தனையோ பழஞ்சமயங்களிலும் இந்த நம்பிக்கை உண்டு.

இதைப் பற்றிய நூல்கள் வழக்கமாக எருசலேமில் தொடங்கி ஐரோப்பாவில் முடிகின்றன. இந்தியாவுக்குக் கல்கி அவதாரம் பற்றி ஒரு பத்தி கிடைக்கும். நம் மண்ணில் நடந்ததோ ஒரு பத்தியில் அடங்காது. கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட, நூறு கிலோமீட்டர்கூட இல்லாத நிலப்பரப்பில், 19-ஆம் நூற்றாண்டில் சில பத்தாண்டுகளுக்குள் அய்யா வைகுண்டரின் இயக்கமும், சீர்திருத்தக் கிறிஸ்தவமும், பழைய ஏற்பாட்டு யூத வழக்கங்களைத் தழுவிய ஒரு தமிழ்ச் சபையும் அடுத்தடுத்து எழுந்தன. நாம் அமர்ந்திருக்கும் கன்னட நாட்டில் காலஞானம் என்று ஓர் இலக்கிய வகையே இந்த நம்பிக்கையைச் சுமந்து வந்திருக்கிறது. எனவே இங்கே நின்றுகொண்டே பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்பர் நம்பிக்கையை எடைபோட, 'வருகிறவர் யார், எப்போது வருவார்' என்ற கேள்விகள் போதா. 'அவர் வரும்வரை காத்திருப்பவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்' என்பதே உரைகல். வரப்போகும் நீதியின் ஒரு பகுதியையாவது இன்றே நடைமுறையாக்கிய கூட்டங்கள் ஏமாற்றத்தைத் தாண்டி நிலைத்தன. நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவை அந்த நாளோடு சரிந்தன. இதை ஐந்து கூறுகளாக விளக்குகிறேன்.

1. மீறப்பட்ட வாக்கிலிருந்து பிறக்கும் நம்பிக்கை

வறுமை மட்டும் மீட்பரை எதிர்பார்க்க வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பசியோடு இருந்தும் எந்த மீட்பரையும் எதிர்பாராத மக்கள் உண்டு. 'எங்களுக்குக் கொடுத்த வாக்கு மீறப்பட்டது' என்ற உணர்வு வந்து சேரும்போதுதான் இந்த நம்பிக்கை மூள்கிறது.

யூத வரலாற்றில் இது தெளிவு. தாவீதின் வம்சம் என்றென்றும் அரசாளும் என்பது வாக்கு. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமையும் கோவிலையும் அழித்து மக்களை நாடு கடத்தினார்கள். அரசன் இல்லை, வாக்கு மட்டும் நிற்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் வரப்போகிற அரசர் பற்றிய எதிர்பார்ப்பு வளர்ந்தது. கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னன் கோரேசு யூதர்களை ஊர் திரும்ப விட்டான். ஏசாயா நூல், யூதனே அல்லாத அந்த மன்னனை இறைவனால் அபிஷேகம் செய்யப்பட்டவன் என்று போற்றுகிறது. ஆக, வருகிறவர் யார் என்பதில் அந்தத் தொடக்க காலத்தில் இறுக்கம் இல்லை. அவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் உறுதி இருந்தது.

கன்னட நாட்டில் இதற்கு இணையாக நிற்கும் நகரம் கல்யாணம். 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் சரணர்கள் எனப்பட்ட அவர் வழி அடியார்களும் அங்கே சாதி கடந்த ஒரு வாழ்வைக் கட்டத் தொடங்கினார்கள். செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமண மதுவரசரின் மகளுக்கும் நடந்த திருமணம் பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. தந்தையர் இருவருக்கும் கொடிய மரணதண்டனை விதிக்கப்பட்டது. பிஜ்ஜள மன்னன் கொல்லப்பட்டான். சரணர்கள் சிதறினார்கள். ஒரு பகுதியினர் உளவிக் காடுவரை போனார்கள். சரணர்களில் ஒருவரான சென்னபசவண்ணரின் சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. கண்முன்னே தோன்றி மறைந்த அந்தக் கல்யாணம் மீண்டும் எழும், வீர வசந்தராயன் வந்து ஆள்வான் என்று பிற்காலக் காலஞான வசனங்கள் பேசுகின்றன. தெலுங்கு நாட்டில் போதுலூரி வீரபிரம்மம் பெயரால் வழங்கும் காலஞானமும் வீரபோக வசந்தராயனின் வருகையைச் சொல்கிறது. பஞ்சு கொட்டும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சித்தய்யா அந்த வீரபிரம்மத்தின் முதன்மைச் சீடர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வசந்தராயனை எதிர்பார்த்தவர்கள் வெறும் ஆட்சி மாற்றத்தை எதிர்பார்க்கவில்லை.

தென் திருவிதாங்கூருக்கு வருவோம். பனையேறி உழைத்த நாடார்கள் தலைவரி கட்டினார்கள், கூலியில்லாத ஊழியம் செய்தார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. 1809-இல் பின்னாளில் சாமித்தோப்பு என்று பெயர்பெற்ற ஊரில் பொன்னு நாடார், வெயிலாள் தம்பதிக்கு ஒரு குழந்தை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். முடியும் பெருமாளும் சேர்ந்த பெயர் இந்தச் சாதிக்கு ஆகாது என்று மேல்சாதியார் எதிர்த்ததால் பிள்ளையின் பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. இவரே பின்னாளின் வைகுண்டர். பிறந்த குழந்தைக்கு விரும்பிய பெயரை இடும் உரிமைகூட இல்லாத வாழ்க்கை அது. தருமத்தைக் காப்பதாகச் சொல்லி ஆளும் அரசு அந்தத் தருமத்தைத் தன் மக்களுக்கே மறுத்தது. வைகுண்டர் இயக்கத்தின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது.

2. அரண்மனை அறிவித்த மீட்பர்

மீட்பர் நம்பிக்கை எப்போதும் எளியவர்களின் சொத்தாகவே இருந்ததில்லை. அரசுகளும் அதைக் கையில் எடுத்திருக்கின்றன. ரோம் இதற்குப் பெரிய சான்று.

உள்நாட்டுப் போர்களால் ரோம் நைந்து கிடந்த கி.மு. 40 வாக்கில், ஒரு குழந்தையின் பிறப்போடு பொற்காலம் திரும்பும் என்று கவிஞர் வெர்ஜில் தம் நான்காம் ஆயர் பாட்டில் பாடினார். பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதை இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பாகப் படித்தார்கள். ஆனால் அந்தக் காலத்து ரோமில் பொற்காலத்துக்கு உரிமை கொண்டாடியது பேரரசு. கி.மு. 9-இல் ரோமின் ஆசிய மாகாணத்து நகரங்கள் பேரரசர் அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23-ஐயே ஆண்டின் முதல் நாளாக ஏற்றுக்கொண்டன. பிரியனே நகரில் கிடைத்த கல்வெட்டு அவரைப் போரை முடித்த இரட்சகர் என்று புகழ்ந்து, அவர் பிறப்பை உலகுக்கு வந்த நற்செய்தி என்கிறது. சில பத்தாண்டுகளுக்குப் பின் கிறிஸ்தவர்கள் இதே சொற்களை ரோம அதிகாரி ஒருவன் சிலுவையில் அறைந்த ஒரு தச்சருக்குச் சூட்டினார்கள். அதில் இருந்த துணிவை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அரண்மனை அறிவிக்கும் மீட்பருக்கு ஒரு தன்மை உண்டு. அவர் வந்துவிட்டார், எல்லாம் நிறைவேறிவிட்டது. இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை. அப்படியும் ஒருவன் காத்திருந்தால் அவன் அரசின் எதிரி.

திருவிதாங்கூரிலும் இதைப் போன்ற அமைப்பைக் காண்கிறோம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அதன்பின் வந்த மன்னர்கள் பத்மநாபதாசர்களாக, திருமாலின் ஊழியர்களாக ஆண்டார்கள். அரசை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பது என்றாகிவிட்டது. அகிலத்திரட்டு அம்மானை இதைத் தலைகீழாகப் புரட்டியது. அய்யாவின் சீடர் ஹரி கோபாலன் ஏட்டில் எழுதிய இந்நூல் 1840-களைச் சேர்ந்தது, 1939-இல் அச்சேறியது. அந்த நாராயணனே இன்று கடலோரப் பனங்காட்டில் ஒடுக்கப்பட்டவர்களிடையே வைகுண்டராக வந்திருக்கிறார் என்று அது பாடுகிறது. பத்மநாபனின் தாசன் என்று ஆளும் மன்னனைக் கலிநீசன் என்கிறது. திருமாலை விட்டு விலகாமலே, திருமால் யார் பக்கம் நிற்கிறார் என்பதை அது மாற்றிச் சொன்னது.

ஆகையால், பழஞ்சமயம் என்றாலே ஆள்வோருக்குத் துதி, யூத கிறிஸ்தவ மரபு என்றாலே நீதிக் குரல் என்று பிரித்துவைக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அகஸ்டஸும் பழஞ்சமயத்தவர், அகிலத்திரட்டும் பழஞ்சமயத்தின் மொழியில் பேசுகிறது. கிறிஸ்தவப் பேரரசர்களும் பின்னாளில் அகஸ்டஸின் இருக்கையில் அமர்ந்தார்கள். சமயத்தின் பெயரை மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்று கேட்க வேண்டும்.

3. நாள் குறித்தவர்கள்

காத்திருப்பவருக்கு எழும் இயல்பான கேள்வி, எப்போது? இதற்கு ஒரு தேதியைப் பதிலாகச் சொன்ன எல்லா மரபுகளிலும் துயரமான ஒரு பக்கம் இருக்கிறது.

இஸ்மீர் நகரத்துச் சபத்தாய் சேவியை 1665-இல் காசாவின் நாதன் மேசியா என்று அறிவித்தபோது, ஏமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை யூத உலகம் எழுந்து நின்றது. ஜெர்மனியில் வாழ்ந்த குளிக்கல் என்ற யூதப் பெண்மணி தம் நினைவுக் குறிப்புகளில் தம் மாமனாரைப் பற்றிச் சொல்கிறார். ஹாமெலின் நகரில் நன்றாக வாழ்ந்த பெரியவர் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். பெரிய பீப்பாய்கள் இரண்டில் துணிமணி, பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பழம் என்று கெடாத பண்டங்களை அடைத்து ஹாம்பர்க்கில் இருந்த மகன் வீட்டுக்கு அனுப்பினார். அழைப்பு வந்த மறுகணமே கப்பலேறிப் புனித நாடு போக வேண்டுமே! ஓராண்டுக்கு மேல் பீப்பாய்கள் அங்கேயே கிடந்தன. இறைச்சி கெட்டுத் துணிகளும் வீணாகிவிடுமோ என்று அஞ்சி, உணவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கடைசியில் கடிதம் வந்தது. அதற்கிடையே, 1666 செப்டம்பரில், சேவி சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார். அந்தக் குடும்பத்தின் ஏக்கத்தை மடமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு முழு வாழ்க்கையைப் பீப்பாயில் அடைத்துவைக்கும் அளவுக்கு அவர்கள் நம்பினார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணிப்பைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவை எதிர்பார்த்தார்கள். பொழுது விடிந்தது, அவர் வரவில்லை. பெரும் ஏமாற்றம் என்றே வரலாற்றில் அந்நாளுக்குப் பெயர் நிலைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, குடும்பத்தோடு கிறிஸ்தவராகி, சர்ச் மிஷன் சபையில் குருவாகவும் ஆன ஜஸ்டஸ் ஜோசப்பைக் கேரளம் வித்வான்குட்டி என்று அறியும். 1870-களில் திருவிதாங்கூரில் மூண்ட எழுப்புதலின் தலைவர்களில் அவர் ஒருவர். 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அறிவித்தார்கள். ஆண்டு வந்தது, போனது. சேர்ந்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்தது. எஞ்சியவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையாகத் தொடர்ந்தார்கள். அவர் கட்டிய மலையாளக் கீர்த்தனைகள் மட்டும் சபை வேறுபாடின்றி இன்றும் கேரளத் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. கணிப்பு மறைந்தது, மக்கள் நாவில் ஏறிய பாட்டு நிலைத்தது.

யூத ஞானியர் இந்த ஆபத்தை முன்பே அறிந்திருந்தார்கள். முடிவுகாலத்தைக் கணக்கிடுவோரை யூத மரபுத் தொகுப்பான தல்மூத் கடிந்துரைக்கிறது. குறித்த நாள் பொய்த்தால் மக்கள் நம்பிக்கையையே இழந்துவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 12-ஆம் நூற்றாண்டில் ஏமன் யூதர்களை ஒரு போலி மேசியா கலக்கியபோது அவர்களுக்கு மடல் எழுதிய யூத அறிஞர் மைமோனிடீசும் நாள் கணிப்பதை எதிர்த்து வாதிட்டார். மேசியாவின் காலத்திலும் உலக இயற்கை மாறாது, அடிமைத்தனம் ஒழிவதே வேறுபாடு என்று தம் சட்டத் தொகுப்பில் எழுதிவைத்தார். காத்திருப்பைத் துறக்காமல் கணக்கை மட்டும் துறக்கும் முதிர்ச்சி அது.

4. இடைக்காலத்தை வாழ்ந்தவர்கள்

இதுவே என் உரையின் மையம். ரோமப் பேரரசுக்கு மீட்சி நிறைவேறிவிட்டது. யூதர்க்கு இன்னும் நிறைவேறவில்லை. கிறிஸ்தவர்க்கும், வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினர்க்கும் தொடங்கிவிட்டது, முடியவில்லை. கிறிஸ்து வந்தார், மீண்டும் வருவார். வைகுண்டர் அவதரித்தார், தரும யுகம் இனிமேல் மலரும். ஒன்று நேர்க்கோட்டுக் காலம், மற்றது யுகங்களின் காலம் என்ற வேறுபாடு உண்மை. ஆனாலும் இருவரும் ஓர் இடைக்காலத்தில் வாழ்கிறார்கள். அந்த இடைக்காலத்தை என்ன செய்வது?

தெசலோனிக்காவின் தொடக்கக் கிறிஸ்தவர்களுக்கு இது அன்றாடச் சிக்கலாகவே வந்தது. ஆண்டவர் வரப்போகிறார் என்ற பரபரப்பின் நடுவே சிலர் வேலைவெட்டி இல்லாமல் திரிந்தார்கள். உழைத்துச் சாப்பிடுங்கள் என்று பவுலின் பெயரில் உள்ள இரண்டாம் கடிதம் அவர்களைக் கண்டிக்கிறது. கி.பி. 70-இல் ரோமர் எருசலேம் கோவிலை அழித்தபின், யோகனான் பென் சக்காய் யாவ்னே ஊரில் கல்விச்சாலை அமைத்து யூத வாழ்வைப் புதிதாகக் கட்டினார். கன்று நட்டுக்கொண்டிருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நட்டு முடி, பிறகு அவரை வரவேற்கப் போ என்று அவர் சொன்னதாக ஒரு மரபு உண்டு. நம்பிக்கை குறைந்தவர் பேச்சன்று இது. தரைக்குள் வைத்த கன்றும் வரப்போகிற நாளைச் சேர்ந்ததே என்று அறிந்தவர் பேச்சு.

சாமித்தோப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1833 மாசி மாதம், கடும் நோயுற்றிருந்த முத்துக்குட்டியை உறவினர்கள் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றார்கள். கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அய்யாவழி மரபு. கலி ஒழியும், தரும யுகம் மலரும் என்று அவர் போதித்தார். அத்தோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு முன்னறிவிப்பாக மட்டும் மறைந்திருக்கும். அவர் செய்தவற்றைக் கவனியுங்கள்.

முத்திரிக்கிணறு என்று ஒரு பொதுக் கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்தார்கள், சேர்ந்து உண்டார்கள். அடுத்து, வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு. சுமார் 700 குடும்பங்கள் என்கிறது மரபு. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் அனைவரும் நாள்தோறும் மூன்று வேளை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒருவேளை சைவ உணவு உண்டு, ஒரே ஒழுங்கில் கூட்டாக வாழ்ந்தார்கள். 'அசுத்தமானவர்கள், தள்ளி நில்' என்று பல தலைமுறைகள் கேட்டுப் பழகிய உடல்கள் அவை. அந்த உடல்களின் மதிப்பை அவர்கள் தங்கள் கையாலேயே மீட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவதாக, தலைப்பாகை. இன்றும் சாமித்தோப்புப் பதியில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஊர்த் தெருவில் கட்டினால் குற்றம் என்றிருந்த துணி, வழிபாட்டில் கட்டாயமாயிற்று. உள்ளே சிலை இல்லை. பள்ளியறையில் நிலைக்கண்ணாடி, அதன் முன் விளக்குகள். கும்பிடப் போகிறவன் தலைப்பாகையோடு நிற்கும் தன்னையே அங்கே காண்கிறான். முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒரு குழந்தையிடமிருந்து பறித்த நாட்டில், வந்து நிற்கும் ஒவ்வொருவனுக்கும் அந்த முடி சூட்டப்படுகிறது. தரும யுகத்துக்காகக் காத்திருப்பவன் அந்த யுகத்தின் குடிமகனாக ஏற்கெனவே உடுத்தியிருக்கிறான். தாழ்த்தப்பட்டவர்களைத் தாங்கி நிறுத்துவதையே தருமம் என்று அகிலத்திரட்டு வரையறுப்பதன் நடைமுறை வடிவம் இதுதான்.

வைகுண்டர் 1851-இல் மறைந்தார். தரும யுகம் எந்தத் தேதியிலும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, ஆகவே எந்தத் தேதியும் இயக்கத்தை முறிக்கவில்லை. ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்கள் எழுந்தன. மாசி 20 அவதார நாளில் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பெரும் ஊர்வலம் இன்றும் போகிறது.

அய்யா கிறிஸ்தவத்திடமிருந்து கடன் வாங்கினாரா என்று கேட்பவர்கள் உண்டு. அப்பகுதியில் லண்டன் மிஷன் 1806 முதல் இயங்கியது. தங்கள் பணிக்கு இந்த இயக்கம் இடையூறு என்று அதன் அறிக்கைகளே குறைபட்டன. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருப்பார்கள். ஆனால் யுகக் கணக்கும், அவதாரமும், அம்மானை வடிவமும் தமிழ் வைணவ நாட்டுமரபில் ஊறியவை. கடனைத் தேடுவதைவிட, ஒரே ஒடுக்குமுறைக்கு இரு மரபுகள் தந்த விடைகளை அருகருகே வைத்துப் படிப்பதில் பயன் அதிகம். மிஷன் பெண்கள் மேலாடைக்காகப் போராடினார்கள். 1859-இல் அரசு இறங்கிவந்து ஆணை வெளியிட்டது. அந்தப் போராட்டத்துக்கும் தலைப்பாகைக்கும் ஆணிவேர் ஒன்றே.

மூன்றாவது விடை நம் திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் எழுந்தது. சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் மிஷனில் படித்து உபதேசியாராக இருந்தவர். வெள்ளை மிஷனரிகளின் அதிகாரத்தோடு மோதினார். நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலைக் கடுமையாக எதிர்த்தார். 1857-இல் மிஷனைச் சாராத தனிச் சபையை நிறுவினார். ஐரோப்பிய வழக்கம் வேறு, வேதம் வேறு என்பது அவர் வாதம். பழைய ஏற்பாட்டைத் திறந்து சனிக்கிழமை ஓய்வுநாளையும், யூதப் பண்டிகைகளையும், தூப வழிபாட்டையும் எடுத்துக்கொண்டார். எருசலேமின் வழக்கம் இங்கிலாந்தின் வழக்கத்தைவிடத் தமிழனுக்கு நெருக்கமானது என்று கண்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் அவ்வூருக்கு வந்தபோது, சனிக்கிழமையை ஏற்கெனவே கைக்கொண்டிருந்த தமிழர்களைச் சந்தித்தார்கள். மில்லரின் பெரும் ஏமாற்றத்திலிருந்து மீண்டு உருவானதே அட்வென்டிஸ்ட் சபை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏமாற்றத்தை அவர்களும் தேதியால் கடக்கவில்லை. வாரந்தோறும் கைக்கொண்ட ஒழுங்கும், பள்ளிகளும், மருத்துவமனைகளும் அவர்களை நிலைநிறுத்தின.

5. வெல்பவரா, உடன் துன்புறுபவரா

கடைசிக் கேள்வி, வருகிறவர் எந்த வகை மனிதர்? கி.பி. 132-இல் பார் கோக்பா ரோமருக்கு எதிராக வாளெடுத்தார். மாபெரும் அறிஞர் அகிபாவே அவரை மேசியா என்று ஏற்றார். 135-இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டு யூதேயா பாழானது. இந்தக் காயத்துக்குப் பின் வந்த தல்மூதில் ஒரு கதை வருகிறது. யோசுவா பென் லேவி என்ற ரபி மேசியாவைத் தேடிப் போகிறார். ரோம் நகர வாசலில், நோயுற்ற ஏழைகளின் நடுவே மேசியா அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாக் கட்டுகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துப் புண்களைக் கட்டுகிறார்கள். இவர் மட்டும் ஒரு கட்டை அவிழ்த்துக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார். அழைப்பு வந்தால் தாமதமாகிவிடக் கூடாதே என்பது அவர் கவலை. 'எப்போது வருவீர்' என்று கேட்கிறார் ரபி. 'இன்று' என்கிறார் மேசியா. அன்று வரவில்லை. மக்கள் செவிகொடுக்கும் நாளே அந்த இன்று என்று பிறகு விளக்கம் கிடைக்கிறது. சிலுவையை மறுத்த ஒரு மரபுக்குள்ளேயே, புண்பட்டவர்களோடு புண்பட்டவராய் அமர்ந்திருக்கும் மீட்பரைப் பார்க்கிறோம்.

வைகுண்டர் வரலாற்றிலும் இது உண்டு. திருவிதாங்கூர் மன்னரின் ஆட்கள் அவரைப் பிடிக்க வந்தபோது, எதிர்த்து நிற்கத் துணிந்த மக்களை அவரே பொறுமை காக்கச் சொன்னார் என்கிறது அகிலத்திரட்டு. கட்டி இழுத்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1839-இல் விடுதலையாகித் திரும்பியதும் அவர் படை திரட்டவில்லை, தவசும் பந்தியும் நடத்தினார்.

இந்த வேறுபாட்டைக் கூர்மையாகச் சிந்தித்த ஒருவர் இதே பெங்களூரில் வாழ்ந்து பணியாற்றினார். சென்னையில் பிறந்த பால் டேவிட் தேவநந்தன் 1957-இல் இங்கே சமய, சமூக ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் 1962 முதல் 1975 வரை அதன் இயக்குநராக இருந்த எம்.எம். தாமஸையே நான் சொல்கிறேன். உலகத் திருச்சபை மன்றத்தின் மத்தியக் குழுவுக்கும் தலைமை தாங்கியவர். சமயங்கள் மட்டுமின்றித் தேசியமும் பொதுவுடைமையும்கூட மீட்பர் நம்பிக்கையின் வடிவங்களே என்று அவர் பார்த்தார். வெற்றிகொள்ளும் மீட்பர் என்ற கற்பனை கொடுங்கோலுக்கு வழிவிடும், துன்புறும் ஊழியர் என்ற உருவமே மனிதரை மனிதராக வைத்திருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஏட்டில் எழுதிய இறையியலுக்கு அவர் தந்த சாட்சி அது.

இந்த எச்சரிக்கை இன்றும் நமக்கு வேண்டும். நாட்டைக் காக்க ஒருவரே போதும் என்ற பேச்சு எந்தக் கட்சியிலிருந்து எழுந்தாலும், எந்த மடத்திலிருந்து எழுந்தாலும், அது பிரியனே கல்வெட்டின் மொழி. அதைக் கேட்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவரை மீட்பர் என்று சொல்வது யார், அரண்மனையா, அடிபட்டவர்களா? இவருக்காகக் காத்திருப்பவர்கள் இன்று யாரோடு சேர்ந்து உண்கிறார்கள், யாரைத் தள்ளிவைக்கிறார்கள்? மக்களை நிமிர்ந்து நிற்க வைக்கிறாரா, தம் முன் குனிய வைக்கிறாரா?

நிறைவாக ஒரு வேண்டுகோள். கன்னடக் காலஞானமும், தெலுங்கு வீரபிரம்மத்தின் ஏடுகளும், தமிழ் அகிலத்திரட்டும் சந்திக்கக்கூடிய நகரம் பெங்களூர். 1910 முதல் இங்கே ஐக்கிய இறையியல் கல்லூரி இயங்குகிறது. எபிரேயமும் கிரேக்கமும் கற்ற ஆசிரியர்களும், மூன்று திராவிட மொழிகளும் தெரிந்த மாணவர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். மேசியாவைப் பாடமாக நடத்தும் வகுப்பில் ஏசாயாவோடு அகிலத்திரட்டும், தானியேலோடு காலஞானமும் அவற்றின் சொந்த மொழியிலேயே படிக்கப்பட வேண்டும். அய்யாவழி அன்பர்களும் சரண மரபினரும் அந்த வகுப்பில் வாசகர்களாகவும் ஆசிரியர்களாகவும் உட்கார வேண்டும். நம் முன்னோர் எப்படிக் காத்திருந்தார்கள் என்று கற்பது பழங்கதை படிப்பதாகாது. நீதிக்காகக் காத்திருக்கும் மக்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும் காலத்தை வாழத்தக்க காலமாக்குவது, யார் வந்தாலும் வராவிட்டாலும், நம் அனைவரின் கடமை.